மூன்று இருபதுக்கு எங்கள் தெரு

நங்கநல்லூரில் நாங்கள் இருக்கும் தெரு பத்திரத்தில் 24 அடி. நானும் மாடி வீட்டுப் பையனும் டேப் பிடித்து அளந்தோம், 24 இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் வண்டி ஏற்றுவதற்காக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போட்ட சிமெண்ட் ராம்ப் இரண்டு பக்கமும் இரண்டரை அடி தெருவுக்குள் இறங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் 19. ஒரு கார் கிட்டத்தட்ட ஆறடி. இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் ஏழடி மிஞ்சும். 108 வண்டி பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே ஆறரை அடி வரும். இந்தக் கணக்கை என்றைக்கோ போட்டிருக்கலாம். போன வருஷம் ஆனி மாதம் ஒரு நாளுக்கு அப்புறம்தான் போட்டோம்.

தெரு நடுவில் ஒரு தனியார் பள்ளி இருக்கிறது, பெயர் வேண்டாம். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி அதன் வாசல். அன்றைக்கு மூன்று மணி வாக்கில் எதிர்வீட்டு மாமி வந்து கதவைத் தட்டி, "மாமாவுக்கு நெஞ்சை அடைக்கறதாம், கொஞ்சம் வாயேன்" என்றார். மாமாவுக்கு 78 வயது. 108-ஐக் கூப்பிட்டேன். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, 3:12-க்குத் தெருமுனையில் சைரன் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. நகரவில்லை. பள்ளி விடுவது 3:20, அதற்குள் தெரு முழுக்க வண்டி. அதில் பாதிக்குமேல் உள்ளே ஆள் இல்லாத கார்கள், பூட்டிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிவர வாசலுக்குப் போயிருந்தார்கள். யாரைப் பார்த்து எடுக்கச் சொல்வது?

வண்டியிலிருந்த தம்பி ரொம்ப நேரம் காத்திருக்கவில்லை. ஸ்ட்ரெச்சரை இறக்கி உருட்டிக்கொண்டே வந்துவிட்டார். மாமாவைப் படுக்க வைத்துத் திரும்பும்போது ஒரு வீட்டு ராம்ப் ஓரத்தில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற காருக்கும் ராம்புக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கவும் இடமில்லை, ஸ்ட்ரெச்சரைத் தலைக்கு மேல் தூக்குகிற மாதிரி நாலு பேர் தூக்கினோம். மாமா கண்ணை மூடிக்கொண்டு, "என் கண்ணாடியை எடுத்துண்டாளா பாரு" என்று கேட்டார். அதற்குள் மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள். எங்களுக்கு முதலில் வழி விட்டது அவர்கள்தான். தோளில் பையும் கழுத்தில் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு குட்டிப் பெண், இரண்டாம் வகுப்பு இருக்கலாம், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூட இருந்த பிள்ளைகளையும் கையால் பின்னுக்குத் தள்ளியபடி நின்றாள். அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை.

மாமா பிழைத்துக்கொண்டார். ஸ்டென்ட் வைத்து, இப்போது காலையில் ஆஞ்சநேயர் கோயில் வரை நடக்கிறார். ஆனால் அந்த 150 மீட்டரை ஸ்ட்ரெச்சரோடு நடந்த எங்களால் அதோடு சும்மா இருக்க முடியவில்லை.

அதுவரை தெருக்காரர்கள் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். வாசலில் கல் வைத்திருந்தோம். செங்கல், பூந்தொட்டி, சிமெண்ட் ஊற்றி நடுவில் கம்பி நட்ட பழைய பெயிண்ட் டப்பா, கால் போன பிளாஸ்டிக் நாற்காலி என்று அவரவர்க்குக் கிடைத்தது. கேட்டில் "இங்கே வண்டி நிறுத்தாதீர்கள், மீறினால் காற்று பிடுங்கப்படும்" என்று ஒரு பலகை. நிஜமாகவே ஒருவர் காற்றைப் பிடுங்கி, அந்த ஸ்கூட்டருக்குச் சொந்தக்கார அம்மா யூனிஃபார்ம் போட்ட பிள்ளையோடு வெயிலில் தள்ளிக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். கல் வைத்ததால் கார் வராமல் போகவில்லை. ஓரமாக நிற்க வேண்டிய கார் கல்லை விட்டு இரண்டடி நடுவுக்குத் தள்ளி நின்றது, அவ்வளவுதான். ஸ்ட்ரெச்சர் மாட்டிய இடத்திலும் ஒரு பூந்தொட்டி இருந்தது.

விதி இல்லாமல் இல்லை. 1989-இல் வந்த சாலை விதிகளிலேயே பள்ளி வாசலருகே, மருத்துவமனை வாசலருகே, திருப்பத்தில், நடைபாதையின் மேல், இன்னொரு வண்டிக்கு நேர் எதிரே, இன்னொரு வண்டியை ஒட்டி, ஒரு கட்டடத்தின் வழியை மறித்து, இங்கெல்லாம் வண்டி நிறுத்தக்கூடாது என்று வரிசையாக எழுதியிருந்தது. எங்கள் தெருவில் 3:15-க்கு அந்தப் பட்டியலில் பாதியைக் கண்ணால் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்கள் உயர்ந்த பிறகு நோ பார்க்கிங்குக்கு முதல் தடவை 500 ரூபாய், மறுபடி மாட்டினால் 1500. ஆம்புலன்சுக்கு வழிவிடாமல் ஓட்டுகிறவருக்கு 10,000. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் காரும் அதே வழியைத்தான் மறிக்கிறது, ஆனால் அது ஐந்நூறு ரூபாய்க் குற்றம். எனக்கு இது சரியாகப் படவில்லை.

போக்குவரத்துக் காவலர்களிடம் போய்ச் சொன்னோம். மூன்று நாள் ஒருவர் வந்து நின்றார், மூன்று நாளும் தெரு காலியாக இருந்தது, நாலாவது நாள் அவர் வரவில்லை, தெரு பழையபடி ஆனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதே 3:20-க்கு மெயின் ரோட்டு சந்திப்பிலும் அவர்தான் நிற்க வேண்டும். ஒரு பேட்டையில் எத்தனை பள்ளி, எத்தனை காவலர் என்று பார்த்தாலே தெரியும், தினமும் ஒரு ஆளை நிறுத்தி இதைச் சரிசெய்ய முடியாது.

சரி, உண்மையில் என்னதான் நடக்கிறது என்று முதலில் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். மாடி வீட்டுப் பையனுக்கு அப்போது கல்லூரி லீவு. ஒரு வாரம் மொட்டை மாடியில் நின்று எந்த வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது போகிறது என்று ஒரு நோட்டில் எழுதினான். நான் எதிர்பார்த்தது, வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மலைத்துப்போவோம் என்று. நோட்டைப் பார்த்ததும் வேறு விஷயம் கண்ணில் பட்டது. பிள்ளை வெளியே வந்து, பையைப் பின்சீட்டில் போட்டு, கதவு சாத்தி, கார் கிளம்ப இரண்டு மூன்று நிமிஷம்தான் ஆகிறது. ஆனால் முதல் கார் 2:35-க்கே வந்துவிடுகிறது! மூன்று மணிக்குள் ஓரமெல்லாம் நிரம்பிவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிறவர்கள்தான் இரண்டாவது வரிசை போடுகிறார்கள், முனையில் நிறுத்துகிறார்கள், அடுத்தவர் கேட்டை மறிக்கிறார்கள். இடம் போதாது என்பது இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை காத்திருப்பு. மூன்று நிமிஷ வேலைக்கு முக்கால் மணி நேரம் தெருவை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏன் என்று கேட்டால் மற்றவர்கள் சீக்கிரம் வருவதால் நானும் சீக்கிரம் வர வேண்டியிருக்கிறது என்பார்கள், அந்த மற்றவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

கேட்டும் பார்த்தேன். 2:40-க்கு வரும் ஒரு அம்மாவின் காரில் பின்சீட்டில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "இல்லேன்னா அரை கிலோமீட்டர் தள்ளிதான் இடம் கிடைக்குது, இவளைத் தூக்கிக்கிட்டு வெயில்ல நடக்கணும் மேடம், அதான் மதியச் சாப்பாட்டை முடிச்சதும் கிளம்பிடறேன்" என்றார். ஏசிக்காக எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்வேன். ஆகவே திட்டிப் பயனில்லை, சீக்கிரம் வருவதால் லாபம் எதுவும் இல்லை என்று ஆக்கினால்தான் சீக்கிரம் வருவதை நிறுத்துவார்கள் என்று தோன்றியது. அதற்கப்புறம் நாங்கள் செய்ததெல்லாம் இந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு செய்ததுதான்.

பள்ளி நிர்வாகம் முதல் இரண்டு தடவை, "வாசலுக்கு வெளியே நடப்பது எங்கள் பொறுப்பில்லை" என்றது. மூன்றாவது தடவை நோட்டையும், ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு போகும்போது யாரோ எடுத்த போட்டோவையும் கொண்டுபோனோம். தலைமையாசிரியை அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். சுவரோடு ஒட்டி நின்ற அந்தக் குட்டிப் பெண்ணை அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே மணியை மாற்ற ஒத்துக்கொண்டார். ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை 3:00, நாலிலிருந்து ஆறு 3:15, மேல்வகுப்புகள் 3:30. அக்கா தம்பி இரண்டு பேரும் அதே பள்ளியில் படித்தால் சின்னவன் நூலகத்தில் உட்கார்ந்திருப்பான். ஒரே நேரத்தில் வந்து விழுந்த கூட்டம் மூன்றாகப் பிரிந்தது.

அடுத்து, தெருமுனையில் இருக்கும் கல்யாண மண்டபம். அதன் பின்னால் நல்ல பெரிய மைதானம், வேப்பமர நிழல், பள்ளி வாசலிலிருந்து நடந்தால் நாலு நிமிஷம். முதலாளி தங்கமான மனுஷர், "தாராளமா நிறுத்திக்கச் சொல்லுங்க" என்றார். அப்போது ஆடி மாதம், மண்டபம் ஈயடித்துக்கொண்டிருந்தது. ஆவணி பிறந்ததும்தான் எங்களுக்கு உறைத்தது, முகூர்த்த நாளில் அங்கே மாப்பிள்ளை வீட்டு வண்டிகள்தான் நிற்கும்! இப்போது வருஷ ஆரம்பத்திலேயே பஞ்சாங்கத்தைப் பார்த்து, பள்ளி நாளில் விழும் முகூர்த்தங்களைக் குறித்துப் பள்ளிக்கும் பெற்றோரின் வாட்ஸப் குழுவுக்கும் அனுப்பிவிடுகிறோம். ஆடியிலும் மார்கழியிலும் கவலையே இல்லை. தையில் கொஞ்சம் திண்டாட்டம், அந்த நாட்களுக்குப் பெருமாள் கோயில் பின்தெருவைச் சொல்லிவைத்திருக்கிறோம்.

வேன்களை என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ஒரு வேனில் பன்னிரண்டு பதினாலு பிள்ளைகள், அது நின்றுபோனால் அத்தனை பேருக்கும் தனித்தனி கார் வரும், அதனால் வேன்காரர்களை விரட்டுவது எங்கள் தலையில் நாங்களே மண்ணைப் போட்டுக்கொள்வது. பள்ளி மைதானத்துக்குள் விடலாம் என்றால், 2022 மார்ச்சில் வளசரவாக்கம் பக்கம் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஏழு வயதுப் பையன் இறந்துபோனதை யாரும் மறக்கவில்லை. கடைசியில் வேன்காரர்களே ஒரு வழி சொன்னார்கள். மணி அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே எல்லா வேனும் உள்ளே போய் முகத்தை வாசல் பக்கம் திருப்பி வரிசையாக நின்றுவிடும், சாவி உதவியாளர் கையில், கடைசிப் பிள்ளை ஏறி உட்கார்ந்த பிறகுதான் முதல் வேன் நகரும். பிள்ளைகள் மைதானத்தில் இருக்கும்போது ரிவர்ஸ் கிடையாது. இதைச் சொன்னவர் இருபது வருஷமாக இந்தத் தெருவுக்கு வேன் ஓட்டுகிற அண்ணன். நாங்கள் அவரை முதலிலேயே கேட்டிருந்தால் இரண்டு கூட்டம் மிச்சமாகியிருக்கும்.

தெருக்காரர்களும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும் அல்லவா? பல அடுக்கு வீடுகளில் கீழே தூண்கள் மட்டும் வைத்துக் கார் நிறுத்த என்று விட்ட இடம் இருக்கிறது. அங்கே போய்ப் பாருங்கள், பழைய கட்டில், காலி கேஸ் சிலிண்டர், ஒரு இடத்தில் தையல் கடை, கார் மட்டும் தெருவில். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ஐந்து கார் நிற்கும் இடம், எட்டு கார், மூன்று எப்போதும் வெளியே, அந்த மூன்றில் ஒன்று என்னுடையது. நான் தினமும் தெருவில் நிறுத்திக்கொண்டு பள்ளிக்கு வருகிறவரிடம் இருபது நிமிஷம் நிறுத்தாதே என்று சொல்ல வாய் வரவில்லை. மண்டப முதலாளியிடமே மாதம் ஒரு தொகை கொடுத்து அங்கே நிறுத்துகிறேன். இன்னும் இரண்டு பேர் மாறிவிட்டார்கள், மற்றவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம். ஜப்பானில் 1962-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள், பெரும்பாலான ஊர்களில் கார் நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று சான்று காட்டினால்தான் கார் பதிவாகும். நம் ஊரிலும் ஒரு நாள் அது வர வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன், எனக்கும் சேர்த்துத்தான்.

இதில் எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்று இருக்கிறது. பின்தெருவில் ஒரு அரசுப் பள்ளி. அங்கும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், அங்கும் சாயங்காலம் மணி அடிக்கிறது, ஆனால் அந்தத் தெருவில் நெரிசல் என்ற பேச்சே கிடையாது. பிள்ளைகள் நடந்து போகிறார்கள். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள்கள் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன, ஒரு கார் நிற்கும் இடத்தில் ஏழெட்டு சைக்கிள். வித்தியாசம் தெருவின் அகலத்தில் இல்லை, பிள்ளைகள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்பதில்தான். எங்கள் தெருப் பள்ளிக்கு மேடவாக்கத்திலிருந்தும் பல்லாவரம் தாண்டியும் வருகிறார்கள், வரும் வழியில் எத்தனையோ பள்ளிகளைத் தாண்டி. எங்கள் தெருப் பிள்ளைகளில் சிலர் வேளச்சேரிக்குப் போகிறார்கள். அண்மைப் பள்ளியில்தான் எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று 1964-66 கோத்தாரி கல்விக் குழு சொன்னது. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் ஒதுக்கும்போது தமிழ்நாட்டில் ஒரு கிலோமீட்டர் தூரத்தைத்தான் கணக்கில் வைத்தார்கள். அந்த ஒரு கிலோமீட்டர் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று இருந்திருந்தால் நான் டேப் பிடித்துத் தெருவை அளந்திருக்க மாட்டேன்.

தெருவையே அடைப்பது பற்றியும் பேசினோம். இத்தாலியின் போல்சானோ நகரத்தில் முப்பது வருஷத்துக்கு முன்பே பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் வாசல் தெருவைக் கொஞ்ச நேரம் வண்டிகளுக்கு மூடத் தொடங்கிவிட்டார்கள். லண்டனில் இப்போது நூற்றுக்கணக்கான பள்ளித் தெருக்கள் இப்படி. பாரிஸில் 2025 மார்ச்சில் வாக்கெடுப்பே வைத்து, இன்னும் 500 தெருக்களைக் காரில்லாமல் ஆக்கலாம் என்று வாக்களித்திருக்கிறார்கள், வந்து வாக்களித்தவர்கள் ரொம்பக் குறைவு என்றாலும். எங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை, காவல்துறை உத்தரவு இருந்தால்தான் தெருவை மூட முடியும். மனு கொடுத்திருக்கிறோம்.

கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும், காவலர் ஒருவர் கூடவே நிற்க, இரண்டு முனையிலும் சிவப்புத் துணி கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு 2:50-லிருந்து 3:40 வரை நின்றோம். தெருக்காரர் வண்டி, பால் வண்டி, ஆம்புலன்ஸ் வந்தால் கயிற்றை இறக்கிவிடுவோம். முதல் பத்து நிமிஷம் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அப்புறம் மணி அடித்தது. பிள்ளைகள் வழக்கம்போலச் சுவரோரமாகவே ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், தெரு காலியாக இருப்பதை அவர்கள் கவனிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. ஒரு பையன் நடுத்தெருவுக்குப் போய் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான், பிறகு ஓடினான். அவ்வளவுதான், அத்தனையும் ஓட ஆரம்பித்துவிட்டது. மாமா கேட்டில் கையை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் இருந்த இரண்டு கற்களும் இல்லை.

இன்னும் சரியாகாதவை இருக்கின்றன. மழை பெய்தால் எல்லாம் போச்சு, ஐப்பசி முழுக்க மண்டபத்துக்கு யாரும் போகவில்லை, வாசலுக்கே வந்தார்கள், நனைந்துகொண்டு போ என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொல்லவும் முடியாது. பள்ளியில் கூடுதலாகக் குடை வாங்கி வைக்கப் பேசியிருக்கிறோம். 2:35-க்கு வந்த கார் இப்போது 2:55-க்கு வருகிறது, நோட்டில் அதுவும் இருக்கிறது. ஜூனில் எல்கேஜிக்குப் புதிதாகச் சேரும் பெற்றோருக்கு இது எதுவும் தெரியாது, அவர்கள் முதல் நாளே பள்ளி வாசலில்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். முதல் இரண்டு வாரம் காலை 8:15-க்கும் மதியம் 2:45-க்கும் இரண்டு முனையிலும் ஆளுக்கொருவர் நின்று மண்டபத்துக்கு வழி காட்ட வேண்டும், நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம், இன்னும் ஒருவர் வேண்டும். பக்கத்தில் இருந்தால் வாருங்கள்.